ராத்திரி 11 மணி பேக்கப்: ஒரு வரி ஸ்கிரிப்ட் போதுமா?

கேள்வி, 3 ஜூன் 2024

திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், எல்லாம் ஒரே ரவுட்டரில். பில்லிங் கம்ப்யூட்டரில் இருப்பதைத் தினமும் தானாக மாடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு நகலெடுக்க வேண்டும். இதற்கென்று ஒருவர் வருடச் சந்தா கேட்கிறார். "எக்ஸ்காப்பி என்று ஒரு வரி எழுதி ராத்திரி 11 மணிக்கு ஓடவிட்டால் போதும், எதற்குக் காசு?" என்கிறார் மச்சான். அண்ணன்மார் சொல்லுங்கள், மச்சான் சொல்வது சரியா?

3 ஜூன், இரவு

மச்சான் சொல்வது முக்கால்வாசி சரி. சந்தா கட்டிச் செய்கிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை இது. எங்கள் அச்சகத்தில் நாலு கம்ப்யூட்டர். எட்டு வருடமாக நானே எழுதிய ஸ்கிரிப்ட்தான் ஓடுகிறது.

ஆனால் எக்ஸ்காப்பி வேண்டாம் தம்பி. 1986 டாஸ் காலத்துச் சரக்கு. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போய், பாதை 254 எழுத்தைத் தாண்டினால் "மெமரி போதவில்லை" என்று சொல்லி நின்றுவிடும். அதை நம்பிக் கூடுதல் ரேம் வாங்கிப் போட்ட ஓர் ஆளை எனக்குத் தெரியும். வேறு யாருமில்லை, நான்தான்.

ரோபோகாப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் நகலெடுக்கும் கட்டளைதான், விஸ்டாவிலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. ஃபோனில் சொல்கிற மாதிரிச் சொல்கிறேன்: ரோபோகாப்பி, இடைவெளி, எங்கிருந்து, இடைவெளி, எங்கே, அப்புறம் சாய்கோடு போட்டு எம்-ஐ-ஆர். நோட்பேடில் எழுதி பேட்ச் ஃபைலாக (கட்டளைகள் எழுதிய கோப்பு) சேமித்து, சொன்ன நேரத்துக்கு ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் மாட்டிவிட்டால் முடிந்தது. மாறிய கோப்பை மட்டும் எடுக்கும், மாறாததைத் தொடாது.

இரண்டு ஸ்விட்ச் (கட்டளையோடு சேர்க்கும் குறிப்பு) மட்டும் கட்டாயம் சேருங்கள்: ஆர் 2, டபிள்யூ 5. ஒரு கோப்பை எடுக்க முடியாவிட்டால் எத்தனை தடவை திரும்ப முயல்வது, நடுவில் எத்தனை நொடி காத்திருப்பது என்பதற்கு. நாம் சொல்லாவிட்டால் அதுவாக வைத்துக்கொள்வது 10 லட்சம் தடவை, தடவைக்கு 30 நொடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 347 நாள் வருகிறது. ஒரே ஒரு கோப்புக்கு.

4 ஜூன், காலை

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். "எங்கே" என்ற இடத்தில், மாடி ஷேரை மாட்டிய இசட் டிரைவ் என்று போடாதீர்கள். நீங்கள் உட்கார்ந்து பார்க்கும்போது ஜம்மென்று ஓடும். ஷெட்யூலர் வேறொரு பயனர் கணக்கின் பெயரில் ஓட்டினால் அந்தக் கணக்குக்கு இசட் என்று ஒரு டிரைவ் இருப்பதே தெரியாது, ஏனென்றால் அதை மாட்டியது உங்கள் லாகின். இரண்டு பின்சாய்கோடு போட்டு, மாடிக் கம்ப்யூட்டரின் பெயர், ஷேர் பெயர் என்று முழு விலாசம் கொடுங்கள். இந்தத் தவறில் எனக்கு 19 நாள் போனது. தினமும் ஸ்கிரிப்ட் கிளம்பியிருக்கிறது, வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறது. யாரும் லாக் (ஓடிய விவரம் பதிவாகும் கோப்பு) பார்க்கவில்லை. லாகே எழுதச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

6 ஜூன்

"எல்லாம் செய்துவிட்டேன், ஆனால் இரண்டு ராத்திரியும் ஓடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே கேள்வி: கடையைப் பூட்டும்போது மெயினை ஆஃப் செய்கிறீர்களா?

6 ஜூன், பத்து நிமிடம் கழித்து

அதானே. 11 மணி என்பதை மதியம் 2 மணி ஆக்குங்கள், சாப்பாட்டு நேரம். எங்கள் கடையிலும் கணக்குப் பார்க்கிற அக்கா போகும்போது மெயினை இறக்கிவிட்டுத்தான் போவார், எத்தனை தடவை சொன்னாலும். "ஃபயர் ஆகிவிட்டால் உன் பேக்கப்பை வைத்து என்ன செய்வாய்?" என்று கேட்டார். பதில் இல்லை.

மதியம் 2 மணி என்றால் கணக்கு சாஃப்ட்வேர் டாலியை மூடிவிட்டுச் சாப்பிடப் போகச் சொல்லுங்கள். திறந்திருக்கும் கோப்பைத் தொட்டால் "எரர் 32, வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது" என்று லாகில் விழும். எல்லாக் கோப்புக்கும் அப்படி விழுந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். பாதிக் கோப்பு புதிதாகவும் பாதி பழையதாகவும் வந்து சேர்ந்தால், அந்த நகலைத் திறக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

9 ஜூன்

மேலே ஒருவர், தினமும் தேதி போட்ட ஃபோல்டரில் நகலெடுக்கலாமே என்கிறார். நல்ல யோசனை, ஆனால் பேட்ச் ஃபைலில் "டேட்" என்று கேட்டால் வரும் பதில் அந்தக் கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங்கைப் பொறுத்தது. ஒரு மெஷினில் 09-06-2024 என்று வரும். புதிதாக ஃபார்மட் செய்து அமெரிக்க செட்டிங்கிலேயே விட்ட மெஷினில் கிழமையோடு சேர்ந்து, நடுவில் சாய்கோடுகளோடு வரும். அந்தச் சாய்கோடு ஃபோல்டர் பிரிப்பதாகிவிடும்: மாதம், அதற்குள் நாள், அதற்குள் வருடம். எங்கள் டிஸ்க்கில் இப்போதும் அப்படி ஒரு கிளை இருக்கிறது, நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறேன். விண்டோஸில் இருக்கும் இன்னொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல்லிடம் வருடம்-மாதம்-நாள் என்று வடிவம் சொல்லிக் கேளுங்கள், எந்த மெஷினிலும் ஒரே மாதிரி வரும். வரிசைப்படுத்தினாலும் ஒழுங்காக நிற்கும்.

9 ஜூன், இரவு

ஷெட்யூலரில் "கடைசி முடிவு 0எக்ஸ்1" என்று காட்டுகிறதே, பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ரோபோகாப்பி வெளியேறும்போது தரும் எண் மற்ற புரோகிராம்களைப் போல இல்லை. 0 என்றால் எடுக்க எதுவும் இல்லை. 1 என்றால் கோப்புகள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன. 7 வரைக்கும் கவலை இல்லை. 8-ம் அதற்கு மேலும்தான் தோல்வி. ஸ்கிரிப்ட்டில் "எரர்லெவல் 8 என்றால்" என்று எழுதினாலே 8-ம் அதற்கு மேலும் பிடிபடும். இந்த 1-ஐத் துரத்திக்கொண்டு நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனேன். நன்றாக ஓடிய ஸ்கிரிப்ட்டைச் சரிசெய்கிறேன் என்று ஆரம்பித்துச் சாயங்காலத்துக்குள் கெடுத்தும்விட்டேன்.

15 ஜூன்

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எம்-ஐ-ஆர் என்று சர்வ சாதாரணமாக எழுதிவிட்டுப் போய்விட்டேன். "மிரர்" என்பதன் சுருக்கம் அது. கண்ணாடி. இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் தெரியும். இந்தப் பக்கம் இல்லாதது அந்தப் பக்கமும் இருக்காது.

2022 ஆவணி. முகூர்த்தம் நெருக்கமாக விழுந்த மாதம், பத்திரிகை வேலை தலைக்கு மேலே. டிசைன் மெஷினில் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததால் புதிதாக எஸ்எஸ்டி மாட்டினோம். விண்டோஸ் ஏற்றி, டி டிரைவில் பழையபடியே "வேலைகள்" என்று ஃபோல்டர் போட்டு வைத்தேன். பழைய டிஸ்க்கிலிருந்து நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன். அன்றைக்கென்று அக்கா மெயினை இறக்கவில்லை. ராத்திரி வேலை நடக்கிறது, விட்டுவைக்கலாம் என்று நினைத்தாராம்.

11 மணிக்கு ஸ்கிரிப்ட் எழுந்தது. மூல ஃபோல்டர் இருக்கிறதா? இருக்கிறது. உள்ளே என்ன? ஒன்றுமில்லை. சரி, அந்தப் பக்கத்தையும் அப்படியே ஆக்கிவிடலாம். காலையில் லாகின் அடியில் இருக்கும் அட்டவணையைப் பார்த்தேன். "காப்பீட்" பத்தியில் 0. "ஃபெயில்ட்" பத்தியில் 0. "எக்ஸ்ட்ராஸ்" பத்தியில், அதாவது இங்கே இல்லாததால் அங்கே அழித்தவை, 11,412. அந்தப் பத்தியை அதுவரை நான் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. பிழை ஒன்றுகூட இல்லை, சொன்ன வேலையைச் சுத்தமாக முடித்திருந்தது.

பிழைத்தது எப்படி என்றால், பழைய டிஸ்க் என் மேஜை டிராயரில் இருந்தது. சத்தம் போட்டுக்கொண்டே இரண்டு நாள் உயிரோடு இருந்து எல்லாவற்றையும் கொடுத்தது. அதை இன்னும் தூக்கிப் போடவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, மூல ஃபோல்டரில் "இங்கேதான்" என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு. ஸ்கிரிப்ட்டின் முதல் வேலை அது இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் எதையும் தொடாமல் வெளியேறுவது. பேட்ச் ஃபைலில் ஒரே வரி. இரண்டு, கிழமைக்கு ஒன்றாக ஏழு ஃபோல்டர். திங்கட்கிழமை முட்டாள்தனம் திங்கட்கிழமை ஃபோல்டரைத்தான் காலி செய்யும். எங்கள் நடப்பு வேலைகள் 38 ஜிபி, ஏழு தடவை என்றால் 266 ஜிபி. 2 டிபி டிஸ்க்குக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

இன்னொன்று: ஸ்கிரிப்ட்டை மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் கடைசியில் "எல்" ஸ்விட்ச் சேர்த்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் பட்டியலிடும்.

22 ஜூன்

"இந்தக் கஷ்டமெல்லாம் எதற்கு, லினக்ஸில் ஆர்சிங்க் போட்டால் போதுமே" என்று கோவைக்காரர் கிண்டல் செய்கிறார். நியாயம்தான். ஆர்சிங்க்கும் நகலெடுக்கும் புரோகிராம்தான். எங்கள் பின்னறையில் நகல் வாங்கி வைப்பது ஒரு பழைய லினக்ஸ் மெஷின். பெயர் கிழவன். விண்டோஸ்காரர்களுக்கு அவன் சாம்பா என்ற புரோகிராம் வழியாக ஷேர் கொடுக்கிறான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சாம்பாவை ஆரம்பித்தவர் ஆண்ட்ரூ டிரிஜெல். ஆர்சிங்க்கை 1996-இல் பால் மெக்கராஸோடு சேர்ந்து வெளியிட்டவரும் அவர்தான், ஆஸ்திரேலியாக்காரர். அதன் கணக்கு முறைதான் அவருடைய முனைவர் ஆய்வேட்டிலும் ஒரு பகுதி. அன்றைய மெதுவான லைனில் ஒரு பெரிய கோப்பில் நாலு எழுத்து மாறினால் முழுக் கோப்பையும் அனுப்பாமல் மாறிய துண்டை மட்டும் எப்படி அனுப்புவது, அதுவும் இரண்டு பக்கக் கோப்பையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்காமலே. இரு பக்கமும் துண்டு துண்டாகக் கூட்டுத்தொகை மாதிரி ஓர் எண்ணைக் கணக்கிட்டு அந்த எண்களை ஒப்பிடுவதுதான் வித்தை.

ஆனால் கோவைக்காரரே, ஷேரை உள்ளூர் ஃபோல்டர் மாதிரி மாட்டிவிட்டு (மவுண்ட்) அதன்மேல் ஆர்சிங்க் ஓட்டினால் இந்த வித்தை நடக்காது. இரண்டு பக்கமும் உள்ளூர்ப் பாதை என்று நினைத்து, மாறிய கோப்பை முழுசாகவே எடுக்கும். அந்தப் பக்கமும் ஓர் ஆர்சிங்க் உட்கார்ந்திருந்தால்தான் துண்டு வேலை. கடைக்குள் ஒரே நெட்வொர்க் ஸ்விட்ச்சில் இருப்பவர்களுக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை.

அப்புறம் ஆர்சிங்க்கின் அந்தச் சாய்கோடு. மூல ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பவை போகும். போடாவிட்டால் ஃபோல்டரே போகும். எத்தனை வருடமானாலும் ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் அடிக்கிறேன்.

23 ஜூன்

ஆர்சிங்க் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும்.

எங்களிடம் ஒரு பழைய ஐமேக் உண்டு. அதிலிருந்து கிழவனுக்கு ஆர்சிங்க். ஒரு நாள் கிழவனின் டிஸ்க்கில் பார்த்தால் "கொடுமுடி கும்பாபிஷேகம்" இரண்டு தடவை இருக்கிறது. ஒரே ஃபோல்டர், ஒரே பெயர், எழுத்துக்கு எழுத்து அதே. எந்தக் கம்ப்யூட்டரும் இதை அனுமதிக்காதே? "மணமகள் பட்டியல்" ஒன்றுதான் இருக்கிறது. "காதணி விழா" ஒன்று. "கோபி ரசீது" இரண்டு. "சொர்ணாபிஷேகம்" இரண்டு. "பூப்புனித நீராட்டு" ஒன்று.

இரண்டு சாயங்காலம் இதோடு உட்கார்ந்தேன். அளவு, தேதி, அனுமதி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் இரட்டை விழுந்த பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். எழுதும்போது கையே காட்டிக்கொடுத்தது: எல்லாவற்றிலும் கொம்பும் காலும். கொ, கோ, சொ. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வருகிற உயிர்மெய்.

எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் "கொ" எழுத இரண்டு வழி இருக்கிறது. க-வோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு தனி எண், கால் தனி எண் என்று பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக்கின் டிஸ்க் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ், நாம் எப்படி அடித்தாலும் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸிலிருந்து போன அதே பெயர் சேர்த்தே போயிருக்கும். லினக்ஸுக்கு எழுத்தும் தெரியாது மொழியும் தெரியாது, பைட் வேறு என்றால் பெயர் வேறு.

மருந்து ஆர்சிங்க்கிலேயே இருக்கிறது, "ஐகான்வ்" என்று ஒரு ஆப்ஷன். இந்தப் பக்கம் மேக் வகை யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை), அந்தப் பக்கம் சாதா யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் போகிற வழியில் சேர்த்துக்கொடுத்துவிடும். ஆனால் அது 3.0-இல்தான் வந்தது. மேக்கோடு வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தது 2.6.9. புதிய பதிப்பைத் தனியாக ஏற்ற வேண்டியிருந்தது. புது மேக்குகளில் டிஸ்க் அமைப்பு ஏபிஎஃப்எஸ். அது கொடுத்த பெயரைக் கொடுத்தபடி வைத்துக்கொள்வதால் இந்தத் தொல்லை குறைவு.

தாளில் எழுதாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

24 ஜூன்

"பேசாமல் கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்களேன்" என்பவருக்கு: கும்பாபிஷேகத்தை எங்கள் மூன்று பையன்களும் மூன்று ஸ்பெல்லிங்கில் அடிப்பார்கள். அதைத் தேடுவதற்கு இதுவே மேல்.

1 ஜூலை

3-ஆம் தேதி எழுதியதை இப்போது பாதி வாபஸ் வாங்குகிறேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் கோப்பை மாடிக் கம்ப்யூட்டருக்குத் தள்ளுகிற மாதிரிச் சொல்லியிருந்தேன். தள்ளுவதற்கு எழுதும் உரிமை வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு எழுத முடிந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் நுழைந்த வைரஸுக்கும் எழுத முடியும். 2017 மே மாதம் வான்னாக்ரை வந்தபோது நெட்வொர்க் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தானாகத் தாவியது. பூட்டிய கோப்புகளைத் திறக்கப் பணம் கேட்கிறவை அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஷேர் ஃபோல்டரில் இருக்கும் நகலையும் சேர்த்தே பூட்டும்.

அதனால் திருப்பிப் போட்டேன். இப்போது யாரும் கிழவனுக்கு எதையும் தள்ளுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கிழவனே வந்து எடுத்துக்கொள்கிறான். மற்ற மெஷின்களில் அவனுக்குப் படிக்கும் உரிமை மட்டும். கிழவனின் பாஸ்வேர்டு எந்த மெஷினிலும் இல்லை. ஏழு கிழமை ஃபோல்டரும் போய்விட்டது. ஆர்சிங்க்கின் "லிங்க்-டெஸ்ட்" ஆப்ஷன் போட்டால், மாறாத கோப்புக்கு நேற்றைய நகலையே ஹார்ட் லிங்காக (அதே கோப்புக்கு இன்னொரு பெயராக) காட்டிவிடும். ஒவ்வொரு நாள் ஃபோல்டரும் முழு நகல் போலத் தெரியும், டிஸ்க்கில் இடம் பிடிப்பது மாறியவை மட்டும். எங்களுக்கு ஒரு நாளைக்கு 1 ஜிபி, முகூர்த்த மாதத்தில் 2. மூன்று மாதத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை எப்படி இருந்தது என்று கேட்டால் எடுத்துத் தருவான்.

தம்பி, உங்கள் மாடிக் கம்ப்யூட்டர் விண்டோஸ் என்றாலும் திருப்பிப் போடுவது நடக்கும். ஸ்கிரிப்ட்டை மாடியில் வைத்துப் பில்லிங் ஃபோல்டரைப் படிக்க மட்டும் ஷேர் கொடுங்கள். மச்சானிடம் சொல்லுங்கள், ஒரு வரி இப்போது இருபத்தாறு வரி ஆகிவிட்டது என்று.

20 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது, பத்திரிகை கிடையாது. வருடத்தில் நாங்கள் நகலைத் திறந்து பார்ப்பது இப்போதுதான்.

இதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் கிட்லேப் (புரோகிராம் எழுதுபவர்கள் கோடு வைக்கும் இணையதளம்) கதை. 2017 ஜனவரி 31 அன்று அவர்களின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். மீட்கப் போனால், வைத்திருந்த ஐந்து விதப் பேக்கப் ஏற்பாடுகளில் எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் தற்செயலாக எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. எல்லாவற்றையும் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் கிழவன் எம்மாத்திரம்?

கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு கோப்பு எடுத்தேன். காலியான ஒரு மெஷினில் போட்டுத் திறந்தேன். பன்னிரண்டும் திறந்தன. அதில் ஒன்பதில், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் பிராக்கெட்டுமாகக் குப்பை. பழைய டிசைன் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அது தமிழே இல்லை. எட்டு வருடமாக வேலைகளை எல்லாம் பத்திரப்படுத்தியிருக்கிறேன், எழுத்துருவை எடுக்கத் தோன்றவில்லை.

எடுக்கப் போனால் அதிலும் ஒரு சுற்று. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்பதை மட்டும் எடுத்தால் போதாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, "எல்லோருக்கும்" என்று சொல்லாமல் நிறுவிய எழுத்துரு அந்தப் பயனரின் ஆப்டேட்டா லோக்கல் ஃபோல்டருக்குள் போய் உட்காருகிறது. பையன்கள் டபுள் கிளிக் செய்து நிறுவியதெல்லாம் அங்கேதான் இருந்தது. இருபத்தேழாவது வரி எழுதினேன்.

21 ஜூலை

இல்லை, இருபத்தெட்டு. மேக்கை மறந்துவிட்டேன்.

10 ஆகஸ்ட்

"கடையே தீப்பிடித்தால்?" என்று எங்கள் அக்காவின் கேள்வியையே நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஸ்கிரிப்ட் கிடையாது. யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கிழவனிடமிருந்து ஒன்றில் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், வீட்டில் இருப்பதைத் திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுவருவேன். இந்த டிஸ்க்கில் லிங்க்-டெஸ்ட் வித்தை வேண்டாம். வாங்கும்போதே எக்ஸ்ஃபேட்டில் வருகிறது, அதில் ஹார்ட் லிங்க் கிடையாது. கடைசி நாளின் நகலை மட்டும் சும்மா போட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் அது இருப்பது பீரோவில், என் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில். பூட்டு இருக்கிற இடம் அது ஒன்றுதான். போன வாரம் நான் மறந்தே போனேன். அவளே டிஸ்க்கை எடுத்து டிபன் பைக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். கவுண்டரில் பையைத் திறந்ததும் கடை முழுக்கப் பாச்சா உருண்டை வாசனை. அக்கா தலையைத் தூக்கிப் பார்த்து, "பேக்கப் வந்துவிட்டது" என்றார்.